மணி அடித்தால் பேசக்கூடாது

காற்றுப் போன பந்தைக்கூட, "இது உருளாது, அதனால தொலையாது" என்று சொல்லி விற்றுவிடக்கூடியவர் பாத்திரக்கடைக்காரர். குடமும் குண்டானும் உருளும் சத்தத்துக்கு மேலே நின்று முப்பத்தொரு வருடம் பேசியவர். தெருவின் இந்த முனையில் அவர் வாயைத் திறந்தால், அந்த முனையில் போகிறவருக்குத் தன் வீட்டில் ஒரு மூடி குறைவது ஞாபகம் வரும்.

அப்படிப்பட்டவர் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, தலையில் தொப்பியும் முதுகில் பையுமாகக் கடலோரத்தில் ஆறு நாள் பாத யாத்திரை கிளம்பினார் என்றால், அது அவராக எடுத்த முடிவாக இருக்க முடியாது. நேர்ந்துகொண்டது அவர் மனைவி. நேர்ந்துகொள்ளும்போது, நடக்கப்போகிற கால்களை அந்த அம்மாள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காரணம் இருந்தது. போன வருடம் அவர் தொண்டையில் மிளகளவு ஒரு முடிச்சு விழுந்தது. டாக்டர் அதை எடுத்துவிட்டு, "பத்து நாள் ஒரு வார்த்தை பேசக்கூடாது" என்றார். பத்து நாளும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார் கடைக்காரர். பதினோராம் நாள் காலை, மனைவியைக் கூப்பிட ஆசையாக வாயைத் திறந்தார். காற்று வந்தது. காற்று மட்டும்தான் வந்தது.

ஏழு வாரம் அப்படியே போயிற்று. கடைக்கு சிலேட்டோடு போய்ப் பார்த்தார். சிலேட்டில் எழுதி எப்படி வியாபாரம் செய்வது? அவர் "கனமான அடிப்பா" என்று எழுதி முடிப்பதற்குள் வந்தவர் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். தம்பி பேசினான். அவன் பேசினால் விற்கிற பாத்திரமும் வெட்கப்படும். எட்டாவது வாரம் ஒரு நாள் பல் தேய்க்கும்போது, "தண்ணி ஆறிப்போச்சு" என்று சொன்னார். சொன்ன பிறகுதான் சொன்னது தானே என்று அவருக்குத் தெரிந்தது. பயிற்சியால் வந்தது என்றார் டாக்டர். மாதாவிடம் நேர்ந்துகொண்டதால் வந்தது என்றாள் மனைவி. கடைக்காரர் இருவருக்கும் ஆளுக்குப் பாதி என்று பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டு, அன்றிலிருந்து பேச ஆரம்பித்தவர்தான், நிறுத்தவில்லை.

நிறுத்தப் பயம். அதுதான் விஷயம். அந்தப் பத்து நாள் மௌனத்தில்தான் குரல் எங்கோ எழுந்து போய்விட்டது என்பது அவர் கணிப்பு. ஆளில்லாத வீட்டில் யார் இருப்பார்கள்? தூக்கத்தைத் தவிர மற்ற நேரமெல்லாம் அரைமணிக்கு ஒரு தரமாவது ஏதாவது பேசி, குரல் உள்ளேதான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார். இதை மனைவியிடம்கூட அவர் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பாள், அல்லது இன்னொன்று நேர்ந்துகொள்வாள்.

யாத்திரைக் கூட்டத்தில் மொத்தம் பதினோரு பேர். அழைத்துப் போகிறவர் ஓய்வு பெற்ற பூகோள டீச்சர். குள்ளமான உருவம், கழுத்தில் விசில், கையில் ஒரு பித்தளை மணி. பாதையும் பழைய பாதை. எந்தக் காலத்திலோ கப்பல் உடைந்து கரையேறிய மாலுமிகள், உயிர் பிழைத்ததற்கு நன்றி சொல்ல நடந்த வழி என்று டீச்சர் சொன்னார். வழிநெடுக ஆறு சிலுவைக்கல். கடைசியில் ஒரு குன்று, குன்றின் மேல் மாதா கோயில்.

முதல் நாள் காலை, இரண்டாவது டீ முடிந்ததும் டீச்சர் மணியை எடுத்தார்.

"தினமும் இந்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் மௌன நடை. மணி அடிச்சா பேசக்கூடாது. மறுபடி அடிச்சாதான் பேசணும். யார் முதல்ல பேசுறாங்களோ, அவங்க மறுநாள் வரைக்கும் பொதுப் பையைச் சுமக்கணும்."

பொதுப் பை என்பது முதலுதவிப் பெட்டி, கயிறு, கெட்டில், டீத்தூள், எல்லோருக்குமான தண்ணீர் என்று ஒரு கைக்குழந்தை கனம் இருக்கும்.

மணி அடித்தது. கடல் மட்டும் பேசியது. கடைக்காரர் நூறு அடி நடந்தார். தொண்டையில் ஏதோ இறுகுவதுபோல் இருந்தது. இருநூறு அடி. நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒன்பதாவது நிமிடம் அவர் முன்னால் போய்க்கொண்டிருந்த சலூன்காரரைப் பார்த்து, "தம்பி, செருப்பு வார் அவிழ்ந்திருக்கு" என்றார்.

சலூன்காரர் போட்டிருந்தது வாரில்லாத செருப்பு.

பை கைமாறியது. முதுகில் ஒன்று, மார்பில் ஒன்று என்று இரண்டு பையோடு நடந்த கடைக்காரரின் முகத்தில் வருத்தம் துளியும் இல்லை. நல்ல சரக்கு சல்லிசாகக் கிடைத்த முகம் அது. ஒரு நாள் பேச்சுக்கு ஒரு பை. வேறெங்கே கிடைக்கும் இந்த விலைக்கு?

இரண்டாம் நாள் டீச்சர் மணியை எடுக்கக் கையை நீட்டும்போதே அவர் எதிரே வந்து நின்றார்.

"பையைக் குடுத்துடுங்க டீச்சர். எப்படியும் என்கிட்டதான் வரப்போகுது. முன்கூட்டியே வாங்கிக்கிறேன்."

பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் தண்டனை கொடுத்துப் பழகிய டீச்சருக்கு, தண்டனையை அட்வான்ஸாக வாங்கிக்கொள்கிற ஆளை எப்படி அடக்குவது என்று தெரியவில்லை.

"அண்ணே, தண்டனைன்னா கொஞ்சமாவது வலிக்கணும்ணே," என்றார் சலூன்காரர்.

"வலிக்குதுப்பா. வலிக்குதுன்னு சொல்றதுக்குத்தான் வாய் வேணும்கிறேன்."

"எங்க கடையில தலையைக் குனின்னா ராஜாவும் குனிவான். உங்க வாயை மூடுன்னு சொல்ல ஒரு ஆள் இன்னும் பிறக்கல."

"பிறந்தாச்சு," என்றாள் கடைக்காரரின் மனைவி, முன்னால் நடந்தபடியே. "இருபத்தாறு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கா. காதுலதான் ஏறல."

இப்படியே மூன்றாம் நாள், நான்காம் நாள். பை அவரிடமே குடியிருந்தது. மற்றவர்களுக்கு முதலில் கோபம், பிறகு சிரிப்பு, பிறகு தோள் லேசான சுகம். வந்தவர்களில் நர்ஸம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஆயுசைக் கழித்துவிட்டு வந்த பெரிய உடம்புக்காரர். இடது முட்டியில் பட்டை கட்டி, ஒரு கோல் ஊன்றி, கூட்டத்தின் வாலாக வருவார். "பத்து வருஷமா வரணும்னு இருந்தேன். இந்த முட்டி ஒரு தரம்தான் தாங்கும். மாதா வாசல் வரைக்கும் என் கால்ல போய் நிக்கணும், அவ்வளவுதான்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

ஐந்தாம் நாள் மதியம், ஒரு கிணற்றடி நிழலில் ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டீச்சர் குண்டைப் போட்டார்.

"நாளைக்குக் கடைசி நாள். ஆறாவது சிலுவைக்கல்லுல இருந்து கோயில் வாசல் வரைக்கும் மௌனம். ஒரு மணி நேரம் ஆகும். நாளைக்குப் பை கிடையாது. யாராவது ஒருத்தர் பேசினாலும் மொத்தக் கூட்டமும் திரும்பி சிலுவைக்கல்லுக்குப் போய் மறுபடி முதல்ல இருந்து நடக்கணும்."

"இதென்ன டீச்சர் புதுச் சட்டம்?" என்று கேட்டார் சலூன்காரர்.

"என் சட்டம் இல்லைங்க. இந்த வழியோட சட்டம். அந்த மாலுமிங்களுக்குள்ள யாரு முதல்ல நன்றி சொல்றதுன்னு சண்டை வந்துச்சாம். அப்புறம்தான் வாசல் வரைக்கும் யாரும் வாயைத் திறக்கிறதில்லைன்னு பேசி வச்சுக்கிட்டாங்களாம். அதுல இருந்து அப்படித்தான்."

கடைக்காரர் தொண்டையில் முட்டை நின்றது. தண்ணீர் குடித்து இறக்கிவிட்டு, தொழிலில் இறங்கினார்.

"முக்கால் மணி நேரம்னு வச்சுக்கலாமே?"

"ஒரு மணி."

"சரி, உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம். அரை மணி மௌனம், அரை மணி முணுமுணுப்பு."

"ஒரு மணி மௌனம்."

"நான் ஒரு கிலோமீட்டர் பின்னால தள்ளி வர்றேன்."

"அப்பவும் கேட்கும்ணே," என்றார் சலூன்காரர்.

"தார் ரோடு வழியா தனியா போயிடறேன்?"

"தாராளமா போங்க," என்றார் டீச்சர். "ஆனா அது இந்த வழி இல்ல."

கடைக்காரர் மனைவியிடம் திரும்பினார். அவள் முட்டை ஓட்டைப் பொறுமையாக உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, நேர்ந்தது என்னன்னு சரியா சொல்லு. ரோடு வழின்னா மாதா ஒத்துக்குவாங்களா?"

"வழி முழுக்க, வழி முறைப்படி, வாசல் வரைக்கும்னு நேர்ந்திருக்கேன்."

"கொஞ்சம் மாத்திக்க முடியாதா?"

"உங்க கடையில என்ன போர்டு மாட்டியிருக்கீங்க? 'விற்ற சரக்கு திரும்பப் பெறப்படாது.' அதேதான்."

முன்னால் போனால் முட்டுகிறது, பின்னால் போனால் உதைக்கிறது. நேர்த்திக்கடனை முறித்தால் குரல் போகும். மௌனமாக நடந்தாலும் குரல் போகும். பேசித் தொலைத்துவிட்டு வழக்கம்போல் விலையைக் கொடுத்துவிடலாம் என்றால், அந்த விலையை நர்ஸம்மாவின் முட்டியல்லவா கொடுக்க வேண்டும்? அடுத்தவன் தலையில் கட்டுகிற சரக்கை அவர் அப்பா காலத்திலிருந்தே அவர்கள் கடையில் விற்றதில்லை.

எல்லோரும் கிளம்பும்போது அவர் பின்தங்கி, கிணற்று மேடையில் உட்கார்ந்து முட்டிப் பட்டையை மாற்றிக்கொண்டிருந்த நர்ஸம்மாவிடம் போனார். சுற்றிலும் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னார். மிளகளவு முடிச்சு, பதினோராம் நாள் காற்று, சிலேட்டு, எல்லாம். சொல்லச் சொல்ல அவர் குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது.

நர்ஸம்மா பட்டையை இழுத்துக் கட்டினார்.

"வாயைத் திறங்க. ஆ."

"ஆ."

"நல்லாத்தான் இருக்கு. ஒரு மணி நேரம் பேசாட்டி ஓடிப்போறதுக்கு அது என்ன, கட்டாத ஆடா?"

"பத்து நாள்ல ஓடிப்போச்சேம்மா."

"அது ஆபரேஷன். இது நடை. ராத்திரி ஏழு மணி நேரம் தூங்குறீங்க. காலையில குரல் இருக்குல்ல?"

"தூக்கத்துல பேசுறேனாம். வீட்டுல சொல்றாங்க."

நர்ஸம்மா கோலை ஊன்றி எழுந்தார். "எனக்காகன்னு சொல்லி நடக்காதீங்க. நாளைக்கு உங்களால முடியலன்னா பேசிடுங்க. நான் அந்த இடத்துலயே உட்கார்ந்துக்கிறேன். மத்தவங்க திரும்பி நடக்கட்டும்," என்றார். அவர் சமாதானமாகத்தான் சொன்னார். கடைக்காரருக்கு அது மொட்டை வெயிலில் தலையில் வைத்த இன்னொரு பையாக இருந்தது.

ஆறாம் நாள் காலை சிலுவைக்கல்லை அடைந்தபோது அவர் விட்டுப்போகப்போகிற பேச்சையெல்லாம் ஒரே மூச்சில் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தார். எவர்சில்வர், பித்தளை, செம்பு, அடிப்பிடிக்காத பூச்சு, அது எத்தனை நாளில் உரியும், உரிந்தால் யாரைக் கேட்பது. விரதத்துக்கு முந்தின நாள் சாப்பிடுகிறவன் மாதிரி பேசினார். பாதி வாக்கியத்தில் மணி அடித்தது. "அதனாலதான் கைப்பிடி" என்பதோடு உலகம் நின்றது.

பதினோரு பேரும் ஒற்றை வரிசையாக நடந்தார்கள். இடது பக்கம் கடல். வலது பக்கம் மீன்வலை காயும் வேலிகள், சுண்ணாம்பு அடித்த சுவர்கள், ஒரு சைக்கிள் ரிப்பேர் கடை. பத்து நிமிடம் போனதும் அவருக்குத் தொண்டையில் அந்த இறுக்கம் வந்தது. ஒரு சின்ன இருமல் இருமிப் பார்க்கலாம் என்று நினைத்தார். தானாக வருகிற இருமலுக்கு மன்னிப்பு உண்டு என்று டீச்சர் சொல்லியிருந்தார். ஆனால் இருமல் என்பது கடன் கேட்டு வரும் மச்சான் மாதிரி. வேண்டாதபோது வரும், கூப்பிட்டால் வராது.

இருபது நிமிடம். ஒரு டீக்கடை. வாசலில் நின்ற டீக்கடைக்காரர் வாயெல்லாம் பல்லாக, "வாங்கய்யா, வெயில்ல நடக்கிறீங்க, ஒரு டீ குடிச்சுட்டுப் போங்க" என்றார். கூப்பிட்ட வியாபாரிக்குப் பதில் சொல்லாமல் போவதா? கடைக்காரர் பரம்பரையில் அப்படி ஒரு பாவத்தை யாரும் செய்ததில்லை. கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கண் டீ பாய்லர் மேல் விழுந்தது. பித்தளை என்று சொல்லி யாரோ அந்த மனுஷன் தலையில் கட்டியிருக்கிறார்கள். வெறும் தகரம், மேலே மினுக்கு. அவர் கால் நின்றது. கை தானாகப் போய் விரல் முட்டியால் பாய்லரை ஒரு தட்டுத் தட்டியது. டொக்.

முன்னால் போன ஒன்பது தலையும் திரும்பின. டீச்சரின் கண் பெரிதானது. தட்டுவது பேச்சாகுமா ஆகாதா என்று சட்டம் சொல்லவில்லை. கடைக்காரர் டீக்கடைக்காரரைப் பார்த்து, பாய்லரைக் காட்டி, உதட்டைப் பிதுக்கி, தலையை இடவலமாக ஆட்டினார். டீக்கடைக்காரர் முகம் தொங்கிப் போயிற்று. அவரும் ஒரு பேச்சில்லாமல் தலையை ஆட்டி, தனக்கு ஏற்கெனவே தெரியும் என்றார். இரண்டு வியாபாரிகளும் நெஞ்சில் கை வைத்துப் பிரிந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடைக்காரர் ஒரு வார்த்தை செலவில்லாமல் ஒரு சரக்கைப் பற்றிப் பேசி முடித்திருந்தார். அதில் அவருக்கு ஒரு நொடி பெருமைகூட வந்தது.

நாற்பது நிமிடத்தில் குன்று ஏறியது பாதை. பெருமை போய்ப் பயம் மட்டும் மிஞ்சியது. இப்போது தொண்டை இறுகவில்லை. அதுதான் இன்னும் மோசம். அங்கே ஒன்றுமே இருப்பதாகத் தெரியவில்லை. போய்விட்டது, இந்நேரம் போயிருக்கும் என்று நினைத்தார். ஒரே ஒரு வார்த்தை. காற்றின் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது? உதட்டைப் பிரித்தார். அவருக்குப் பின்னால் கோல் கல்லில் பட்டது. டக். ஒரு மூச்சு. டக். நர்ஸம்மா ஒவ்வொரு படியையும் கணக்குப் பார்த்து வாங்குகிறவர் மாதிரி ஏறிக்கொண்டிருந்தார். கடைக்காரர் உதட்டை மூடிக்கொண்டார். மூடினால் போதாது என்று கர்ச்சீப்பை எடுத்து வாயில் கவ்விக்கொண்டார். பிறகு பின்னால் கையை நீட்டினார். நர்ஸம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

கோயில் வாசல். வெள்ளைச் சுவர், நீலக் கதவு, அகலமான ஏழு படி. எல்லோரும் வந்து சேர்ந்ததும் டீச்சர் மணியை அடித்தார்.

அணை உடைந்தது. சிரிப்பு, அழுகை, "அப்பாடா", "மாதாவே", தண்ணீர் கேட்டு ஒருவர், போட்டோ எடுக்கச் சொல்லி ஒருவர். நர்ஸம்மா முதல் படியில் இரண்டு காலையும் ஊன்றி நின்று, கோலை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டார். சலூன்காரர் ஓடிவந்து கடைக்காரரின் தோளைக் குலுக்கினார்.

"ஜெயிச்சுட்டீங்கண்ணே! மணி அடிச்சாச்சு. பேசுங்க!"

கடைக்காரர் கர்ச்சீப்பை வாயிலிருந்து எடுத்தார். மடித்தார். பையில் வைத்தார். வாயைத் திறக்கவில்லை.

"என்னண்ணே?"

தலையை ஆட்டினார். பெட்டியைப் பிரிக்காதவரை உள்ளே சரக்கு உடைந்திருக்கிறதா என்று தெரியாது. பிரிக்காமலே வைத்துக்கொண்டால் உடையாத மாதிரிதானே? பிரித்துப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

ஒருவர் பின் ஒருவராகச் சத்தம் அடங்கியது. ஐந்து நாளாக அவர் வாயை மூடமாட்டாரா என்று ஏங்கிய கூட்டம் இப்போது அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. நர்ஸம்மா, "ஆ சொல்லுங்க" என்றார். அவர் பல்லை இன்னும் இறுக்கிக்கொண்டார். டீச்சர், தப்பு செய்துவிட்ட முகத்தோடு மணியை இரண்டு தடவை திரும்ப அடித்துப் பார்த்தார். சலூன்காரர் காதருகே வந்து, "அண்ணே, எங்க வீட்டுல எல்லாம் பிளாஸ்டிக்தான் வாங்குவோம். அதுதான் உழைக்குது" என்றார். கடைக்காரரின் மூக்கு விடைத்தது. வாய் திறக்கவில்லை.

மனைவி மட்டும் பதறவில்லை. இரண்டாவது படியில் உட்கார்ந்து, காலணியைக் கழற்றி மணலைக் கொட்டிக்கொண்டிருந்தாள். அவரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், பக்கத்தில் இருந்த நர்ஸம்மாவிடம் பேச ஆரம்பித்தாள்.

"பெரிய வாய்க்காரர்னு எல்லாரும் நினைக்கிறீங்க. எங்க கல்யாணம் எப்படி முடிவாச்சு தெரியுமா? எங்கப்பா இவர் கடைக்குப் போய், 'என் பொண்ணைக் கட்டிக்கிறியா'ன்னு கேட்டார். உடனே சரின்னுட்டார். ஒரு பேச்சு இல்ல, ஒரு யோசனை இல்ல. கேட்டதும் சரி. எங்கப்பா வீட்டுக்கு வந்து, 'அந்தப் பையன் வியாபாரத்துக்கு லாயக்கில்ல போலிருக்கே'ன்னு கவலைப்பட்டார்."

கடைக்காரரின் காது சிவந்தது. கழுத்து சிவந்தது. ஏதோ ஒன்று அடிவயிற்றிலிருந்து மேலே வந்தது. முதலில் அது சிமெண்டுத் தரையில் அண்டாவை இழுக்கிற சத்தமாக வந்தது. பிறகு வார்த்தையாயிற்று.

"பொ... பொய்! யாரு உடனே சரின்னது? ரெண்டு நாள் டைம் கேட்டேன்! உங்கப்பாவைக் கூப்பிடு, கேப்போம்!"

"ரெண்டு நாள் கேட்டது யோசிக்க இல்ல. புதுச் சட்டை தைக்க."

"சட்டை வேற விஷயம்! சட்டையை ஏன் இழுக்கிற? நான் யோசிக்கணும்னு தெளிவா சொன்னேன். உங்கப்பா டீயைக்கூட வச்சுட்டு என் முகத்தையே பார்த்தார். 'ரெண்டு நாள் கழிச்சு வாங்க, பார்க்கலாம்'னு சொன்னேன். பார்க்கலாம்னா என்ன அர்த்தம்? சரின்னு அர்த்தமா? எந்தக் கடையில பார்க்கலாம்னா சரின்னு அர்த்தம்?"

"எழுந்து நின்னு, கையைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணியோட சொன்னீங்களாம், பார்க்கலாம்னு."

"அது வெங்கலத்துக்குப் பாலிஷ் போட்ட தூள்! கண்ணுல விழுந்துடுச்சு!"

படிக்கட்டே அதிர்ந்தது சிரிப்பில். சலூன்காரர் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். குரலில் ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால் ஒரு மணி நேரம் ஓய்வெடுத்ததில் முன்னைவிடக் கணீரென்று இருந்தது. அதை எல்லோரும் கவனித்தார்கள். கடைக்காரர்தான் கவனிக்கவில்லை. அவருக்கு வேறு அவசரம் இருந்தது. மாமனார் அன்று எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், எந்தப் பக்கம் பார்த்தார், டீயில் எத்தனை வாய் குடித்திருந்தார் என்று சாட்சியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நீலக் கதவு திறந்தது. கோயில் பணியாள் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"உள்ளே பூசை நடக்குதுங்க. கொஞ்சம் மெதுவா."

கடைக்காரர் உடனே தொப்பியைக் கழற்றினார். நர்ஸம்மாவின் முழங்கையைத் தாங்கி, ஒரு படி, இன்னொரு படி என்று ஏற்றிவிட்டு, தலை குனிந்து உள்ளே நுழைந்தார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மாதாவின் முன்னே மண்டியிட்டார். கைகூப்பினார். பக்கத்தில் மனைவியும் மண்டியிட்டாள்.

"ரெண்டு நாள்," என்றார் அவள் காதில், மிக மெதுவாக. "முழுசா ரெண்டு நாள்."